நாட்டம் ஒன்று, நாடுகள் பல

கிருலப்பனைச் சந்தைக்கு அப்பால், கால்வாய்ப் பக்கமாகச் செல்லும் ஒழுங்கையொன்றில் எமக்குத் தெரிந்த மாமி ஒருவர் வசிக்கிறார். அகவை எழுபதைத் தாண்டியவர். ரேந்தை பின்னுவதில் மகா சமர்த்தர். சென்ற ஆண்டு, பேத்தி கைத்தொலைபேசியிற் காட்டிய மாதிரியொன்றைப் பார்த்து, வட்டமான மேசை விரிப்பொன்று பின்னத் தொடங்கினார். தட்டையாக வர வேண்டிய விரிப்பு ஐந்தாறு சுற்றானதும் கோவா இலையின் விளிம்பைப் போல நெளியத் தலைப்பட்டது. மூன்று தரம் அவிழ்த்தார். மூன்று தரமும் அதே கோலந்தான். கைப்பழக்கம் ஐம்பது ஆண்டு உடையவருக்கு இஃதொரு மானப் பிரச்சினையாகி விட்டது.

அயலிலே கேட்பதற்கு இப்போது ஆளில்லை. உடன் பின்னிய சிநேகிதிகளுட் சிலர் கனடாவில், சிலர் காலமாயினர். ஆகவே பேத்தி அந்த விரிப்பைப் படம் எடுத்து, 'ரவெல்றி' என்னும் இணையத்தளத்தில் இட்டு, காரணம் யாதென வினவினாள். மறுநாட் காலையில் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண்மணி விடை எழுதியிருந்தார். மாமி பார்த்தது அமெரிக்க மாதிரி. மாமி கற்றதோ பிரித்தானியத் தையற் பெயர்கள். பிரித்தானியர் 'டபிள்' என வழங்கும் தையலை அமெரிக்கர் 'சிங்கிள்' என்பர். அமெரிக்கரின் 'டபிள்' பிரித்தானியருக்கு 'ட்றெபிள்'. உயரமான தையலுக்கு உரிய எண்ணிக்கையிலே மாமி குட்டைத் தையலைப் போட்டிருக்கிறார். வட்டத்தின் அகலம் கூடாமலே சுற்றளவு மட்டும் கூடிற்று. மிகுந்த தையல்கள் போக்கிடமின்றி நெளிந்தன. அவ்வளவே!

இந்த ரவெல்றி 2007 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து இளந்தம்பதியர் இருவரால் தொடங்கப்பட்டது. மனைவி பின்னல் வேலையில் ஈடுபாடு கொண்டவர். கணவர் கணினி நிரல் எழுதுபவர். இன்று அதன் உறுப்பினர் பல இலட்சம். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதனைப் பின்னியவர் எவர், எந்த நூல், என்ன அளவு ஊசி, எந்த வரியிலே இடறினார் என்பனவெல்லாம் அங்கே பதிவாகின்றன. மாமியின் படத்தை முகநூலில் இட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? "அழகு மாமி" என்று நாற்பது பேர் வாழ்த்தியிருப்பர். நெளிவுக்குக் காரணம் கூற ஒருவரும் வந்திருக்க மாட்டார்.

ஊர் முழுவதும் கூடும் பெருஞ்சந்தை ஒரு வகை. ஒரே தொழிலார் அல்லது ஒரே நாட்டத்தார் மட்டும் கூடும் திண்ணை மற்றொரு வகை. உத்தியோகம் பார்ப்போருக்கு 2003 இல் தொடங்கிய லிங்க்ட்இன், கணினி நிரல் எழுதுவோருக்கு 2008 இல் தொடங்கிய கிட்ஹப் என்று இத்தகைய திண்ணைகள் பல. இவற்றால் நம் நாட்டு மாணவர் அடைந்த பயன் சிறிதன்று. மாணவர்களைத் திறந்த மூல மென்பொருள் ஆக்கத்தில் ஈடுபடுத்தும் கூகிள் நிறுவனத்தின் கோடைகாலத் திட்டம் 2005 இல் தொடங்கிற்று. அதன் முதற் பத்து ஆண்டுகளில் உலகப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் கூடுதலான மாணவரை அனுப்பியது எது தெரியுமா? நமது மொரட்டுவைப் பல்கலைக்கழகமே! முகம் அறியாத வெளிநாட்டு நிபுணர் முன்னே தம் வேலையை வைத்து, குற்றங் குறை கேட்டுத் திருத்திக் கற்றவர்கள் அவர்கள்.

நிற்க. இது இணையம் பெற்ற புதுமை என்று எண்ணுதல் தவறு. இதற்குப் பாட்டனார் முறையான சங்கமொன்று முன்னமே உண்டு. அதுதான் ஹாம் றேடியோ எனப்படும் ஆர்வலர் வானொலி. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் அனுமதியும் அழைப்புக் குறியும் பெற்றவரே அதிற் பேசலாம். இலங்கையரின் குறி 4எஸ்7 எனத் தொடங்கும். காசு சம்பாதிக்க அதனைப் பயன்படுத்தலாகாது. தூர தேசத்தார் ஒருவருடன் பேசி விட்டால், அதற்குச் சான்றாக அஞ்சலட்டை அனுப்பிக் கொள்வர். அரிய இடத்து அட்டை கிடைப்பது அவர்களுக்குப் புதையல் கிடைத்தாற் போல.

அந்தமான் தீவுகள் அப்படிப்பட்ட ஓர் அரிய இடம். நெடுங்காலம் அங்கிருந்து ஆர்வலர் எவரும் பேச அனுமதி இருக்கவில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் தலைமையில் இந்தியக் குழுவொன்று அனுமதி பெற்றுப் போட் பிளேயருக்குச் சென்றது. உலகெங்கும் உள்ள ஆர்வலர் அவர்களுடன் பேசி அட்டை சேர்க்கும் ஆவலில் இரவு பகலாகக் காத்திருந்தனர். வெறும் விளையாட்டு, வேறென்ன? ஆனால் டிசம்பர் 26 காலை நிலம் அதிர்ந்து, கடல் பொங்கியது. தொலைபேசிகள் செயலிழந்தன. அதே கருவியும் அதே குழுவும் தீவின் நிலையை வெளியுலகுக்குச் சொல்லவும், பெருநிலத்தில் தவித்த உறவினருக்குச் செய்தி அனுப்பவும் உதவின. அன்றைய நாட்களில் நமது நாட்டிலும் விக்டர் குணதிலக்கவும் அவருடைய ஆர்வலர் சங்கத்தாரும் ஹம்பாந்தோட்டையிலிருந்து சிற்றலை வானொலி வழியாகக் கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்தினர். பொழுதுபோக்கு என்று வீட்டார் எத்தனை முறை கடிந்திருப்பரோ, நாமறியோம்.

தமிழர் கட்டிய திண்ணைகளையும் கூற வேண்டும். 1998 பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழ் அன்பர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், 2003 இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப காலத்தில் ஏறக்குறையத் தனியொருவராக வளர்த்தார்.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' இவற்றினும் எமது நெஞ்சுக்கு நெருக்கமானது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்துயரை அறிந்தவர்க்கு இம்முயற்சியின் அருமை புரியும். இலங்கைத் தமிழரின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், ஏன், கல்வெட்டு எனப்படும் மரணச் சடங்கு நினைவு மலர்களைக் கூடத் தேடி ஒளிவருடிச் சேர்க்கின்றனர். பழம் பெட்டியில் பாட்டனார் வைத்த மலரொன்று கிடந்தால் குப்பைக்குப் போடும் முன் இவர்களை நினைக்குமாறு வாசகரை வேண்டுகிறோம்.

ஆயினும் இத்திண்ணைகள் யாவும் நிலையானவை என்று எமக்குத் தோன்றவில்லை. ஓர்குட் என்னும் தளத்தில் நம் இளைஞர் எத்தனை குழுக்கள் வைத்திருந்தனர்! 2014 செப்டெம்பரில் உரிமையாளராகிய கூகிள் அதனை மூடிற்று. கூகிள் பிளஸ் 2019 இல் மூடப்பட்டது. எழுதியவர் பலர், கதவின் சாவி ஒருவரிடம். நூல் பற்றிப் பேசும் ரவெல்றியிலும் அரசியல் புகாமலில்லை. 2019 இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்பை ஆதரிக்கும் பதிவுகளை அத்தளம் தடை செய்ய, பின்னல்காரர் இரு கட்சியாயினர்.

தொழிற்றளங்களில் வேறொரு இடர் உண்டு. முகமறியாதவர் வேலை தருவதாக எழுதும்போது பெற்றோர் கண்ணை மூடிக் கொண்டிருத்தலாகாது. இணையவழி வந்த கணினி வேலை வாக்குறுதிகளை நம்பித் தாய்லாந்துக்குப் புறப்பட்ட இலங்கை இளைஞர் சிலர் மியன்மாரின் மியாவாடிப் பகுதி மோசடி முகாம்களிற் சிறைப்பட்டு, 2024 இல் மீட்கப்பட்டது நினைவிருக்கலாம். கடவுச்சீட்டைக் கையில் எடுக்கும் முன் வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிப்பதற்கு ஒரு பஸ் பயணச் செலவே ஆகும்.

மாமியின் மேசை விரிப்பு தைப்பொங்கலுக்கு முன் முடிந்து, இப்போது தட்டையாகக் கிடக்கிறது. சென்ற வாரம் போயிருந்தபோது, பேத்தி தொலைபேசியைப் பிடித்திருக்க, அவர் மூக்குக் கண்ணாடியுடன் குனிந்து எதையோ எழுதிக் கொண்டிருந்தார். தளத்திற் பிடித்த மாதிரிகளை ஒவ்வொன்றாக சீ.ஆர். கொப்பியிற் பிரதி செய்கிறாராம். அதுதான் தொலைபேசியில் இருக்கிறதே என்றோம். "இருக்குது தம்பி, நாளைக்கும் இருக்குமோ?" என்று கேட்டு விட்டு, அடுத்த வரிக்குப் போனார்.