திறமை மட்டும் போதுமா?

1985 ஜூலை 23ஆம் திகதி நியூயோர்க்கில் கொமடோர் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'அமிகா' கணினி 4,096 வர்ணங்களைக் காட்டவும், ஸ்டீரியோ இசை எழுப்பவும், ஒரே வேளையில் பல பணிகளை ஆற்றவும் வல்லது. அன்றைய வீட்டுக் கணினிகளில் அதற்கு நிகரானவை மிகச் சிலவே. ஆயினும், அது அலுவலகத்துக்கா, விளையாட்டுக்கா, கலைஞருக்கா என்பதை அதன் விளம்பரங்கள் தெளிவுபடுத்தவில்லை. நிர்வாகத் தவறுகளும் சேர்ந்துகொள்ள, 1994 ஏப்ரலில் அந்நிறுவனம் வங்குரோத்து நிலையை அடைந்தது.

இது எங்கோ நிகழ்ந்த பழங்கதை அன்று. ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் சிறுமுதலுடன் தொழில் தொடங்கும் எமது இளைஞர்களுக்கும் இது பொருந்தும். நல்ல பொருளை உருவாக்குவதுடன் பணி முடிவதில்லை. அது யாருக்கு, எதற்கு என்பதை வாங்குவோருக்கு விளங்கச் சொல்வதும் அவர்களது பொறுப்பே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.