ஓய்வூதியக் கணக்கை ஒத்துப் பார்த்தீர்களா?

மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் எவரும், ஆண்டு முடிவில் அவருடைய பேரேட்டையும் தம்முடைய பேரேட்டையும் ஒத்துப் பார்க்காமல் விடுவதில்லை. நூறு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் பழைய பில்களைப் புரட்டி, எந்தத் தேதியில் எந்த வரவு விடுபட்டது என்று கண்டுபிடித்த பிறகே புதுக் கணக்குப் போடுகிறோம். கணக்கில் இத்தனை கண்ணாக இருக்கும் நாம், நம் கடைகளில் உழைப்பவர்களின் முதுமைக்கென்று அரசிடம் மாதந்தோறும் எழுதப்பட்டு வரும் பேரேட்டை மட்டும் திறந்து பார்ப்பதில்லை. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எப். கணக்கைத்தான் சொல்கிறோம்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் மண்டிகளும் இந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சிறு மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர்கள், 'நமக்கும் இதற்கும் என்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இன்று சொந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பலர், முன்பு ஒரு மில்லிலோ, கம்பெனியிலோ, பெரிய கடையிலோ சம்பளத்துக்கு இருந்தவர்களே. அந்த ஆண்டுகளுக்குரிய கணக்கு இன்னும் அங்கே கேட்பாரற்றுக் கிடக்கலாம்.

பணம் எங்கே போகிறது?

பணியாளரின் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. அதே அளவை முதலாளியும் கட்டுகிறார். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி மட்டுமே பணியாளரின் பி.எப். இருப்பில் சேருகிறது. 14,000 ரூபாய் சம்பளம் என்றால், பணியாளர் பங்கு 1,680 ரூபாய். முதலாளியின் 1,680 ரூபாயில் 1,166 ரூபாய் ஓய்வூதியத்துக்கும் 514 ரூபாய் பி.எப்.புக்கும் பிரிகிறது.

'என் பணத்தில் பாதியைக் காணோம்' என்று பணியாளர்கள் நம்மிடம் வந்து நிற்பது இந்தப் பிரிவினையை அறியாததால்தான். ஓய்வூதியத்துக்குப் போகும் பணம் வட்டி போட்டு வளரும் பணம் அன்று. பின்னாளில் எத்தனை ஆண்டு உழைத்தார், எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்ற இரண்டை மட்டும் வைத்துத்தான் ஓய்வூதியம் கணக்கிடப்படும். ஆகவே, இங்கே இருப்புத் தொகையைவிடப் பதிவேட்டில் உள்ள தேதிகளே முக்கியம்.

பத்து ஆண்டு என்ற எல்லை

1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஓய்வூதியத் திட்டத்தில், பத்து ஆண்டு பணி பதிவாகியிருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. கணக்கிடும் வழி எளிது. கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். சராசரி 14,000 ரூபாய், பணி 15 ஆண்டு என்றால் மாதம் 3,000 ரூபாய். இதில் இரண்டு ஆண்டு பதிவேட்டில் விடுபட்டுப் போனால் 2,600 ரூபாய். மாதம் 400 ரூபாய் என்பது ஆண்டுக்கு 4,800 ரூபாய். அது ஆயுள் முழுவதும் தொடரும் நட்டம்.

இதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. ஒருவர் மூன்று இடங்களில் நான்கு, மூன்று, நான்கு ஆண்டுகள் என்று மொத்தம் 11 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மூன்றையும் ஒரே கணக்கில் இணைத்திருந்தால், மேற்படி சராசரிக்கு மாதம் 2,200 ரூபாய் கிடைக்கும். ஆனால் முதல் இடத்தை விட்டபோது, கைச்செலவுக்கு என்று படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பணத்தையும் வாங்கிவிட்டால் அந்த நான்கு ஆண்டுகள் அழிந்தன. மிஞ்சுவது ஏழு ஆண்டு. மாத ஓய்வூதியம் கிடையாது. அன்று கையில் வந்த சிறு தொகைக்காக ஆயுள் வருமானத்தை விற்றதற்குச் சமம் இது. வேலையை விடுபவர் பணமாக வாங்காமல், 'ஸ்கீம் சர்டிபிகேட்' என்னும் சான்றிதழைப் பெற்று வைத்தால் பழைய ஆண்டுகள் பத்திரமாக இருக்கும்.

காட்டும் சம்பளமே கிடைக்கும் ஓய்வூதியம்

சற்றுக் கசப்பான ஒன்றையும் நம்மவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். கையில் கொடுப்பது 14,000 ரூபாய், கணக்கில் காட்டுவது 8,000 ரூபாய் என்ற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் என்று தோன்றலாம். பதினைந்து ஆண்டு உழைத்தவருக்கு 3,000 ரூபாய்க்குப் பதில் 1,714 ரூபாய் வரும்போதுதான் அந்த மிச்சத்தை யார் தலையில் கட்டினோம் என்பது தெரியும். எடை குறைத்து விற்பதை நம் தொழிலில் பாவம் என்கிறோம். இதுவும் எடைக் குறைவுதான்.

எவற்றைப் பார்க்க வேண்டும்?

1. பெயர், பிறந்த தேதி, தந்தை அல்லது கணவர் பெயர் ஆகியவை ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா? 'முருகேசன்' ஓரிடத்தில் 'எஸ். முருகேசன்' என்றும் மற்றோரிடத்தில் 'முருகேஷ்' என்றும் இருந்தால் கடைசியில் மனு திரும்பி வரும்.

2. வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் பதிவாகியுள்ளனவா? விலகிய தேதி இல்லாவிட்டால் பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றுவது தடைபடும்.

3. ஒவ்வொரு மாதமும் வரவு இருக்கிறதா? சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால் உடனே விசாரிக்க வேண்டும்.

4. சம்பளமில்லா விடுப்பு நாட்கள் தவறாக ஏறியுள்ளனவா? அவை கூடினால் ஓய்வூதியம் குறையும்.

5. யு.ஏ.என். என்னும் உறுப்பினர் எண் ஒன்றுதானா? 2014இல் வந்த இந்த எண், எத்தனை முதலாளி மாறினாலும் மாறாதது. இரண்டு எண்கள் இருந்தால் இணைக்க வேண்டும்.

6. நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா? பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. குடும்ப விவரம் பதிவாகாவிட்டால் அந்தக் குடும்பம் அலைய நேரிடும்.

பார்ப்பதும் திருத்துவதும்

யு.ஏ.என். எண்ணை இயக்கத்துக்குக் கொண்டு வந்து, அதனுடன் செல்போன் எண்ணையும் ஆதாரையும் இணைத்துவிட்டால், வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்திலோ 'உமங்' செயலியிலோ பாஸ்புக்கைப் பார்க்கலாம். பதிவு செய்த செல்போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாக வந்த சந்தாவும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். ஆண்டுக்கொரு முறை பாஸ்புக்கை அச்செடுத்துச் சம்பளச் சீட்டுகளோடு சேர்த்துக் கோப்பில் வைப்பது நல்லது.

தவறு இருந்தால், உறுப்பினரும் முதலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி மூலம் திருத்தலாம். 2025 ஜனவரியில் இந்த நடைமுறை எளிதாக்கப்பட்டு, ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட உறுப்பினர்கள் பலர் தாங்களே இணையவழியில் திருத்திக்கொள்ள வழி செய்யப்பட்டது. விலகிய தேதியை முதலாளி போடாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே பதிவு செய்யலாம். ஆயினும் பழைய முதலாளி உயிரோடும், கடை நடப்பிலும், சம்பளப் பதிவேடு பரணிலும் இருக்கும்போது திருத்துவது சுலபம். கடை மூடி, கணக்கப்பிள்ளையும் ஊரை விட்டுப் போன பிறகு, ஆதாரம் தேடி அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவது பெரும்பாடு.

பிடித்த பணத்தைக் கட்டிவிடுங்கள்

பணியாளரிடம் பிடித்த சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் அபராதமும் உண்டு. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக் கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். வியாபாரம் மந்தமான மாதத்தில் அந்தப் பணத்தைச் சரக்குக்குப் புரட்டலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. அது நம் முதல் அன்று. பிறர் நம்மிடம் வைத்த அடைமானம்.

பழைய சம்பள ஆண்டுகள் உள்ள கடைக்காரர்கள், பத்து ஆண்டு நிறைந்திருந்தால் 58 வயதில் படிவம் 10டி கொடுத்து ஓய்வூதியம் கேட்கலாம். அது தானாக வீடு தேடி வராது, கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

ஆயுத பூஜைக்குத் தராசையும் கணக்குப் புத்தகத்தையும் துடைத்து வைத்துப் பொட்டிடுவது நம் வழக்கம். இந்த ஆண்டு அந்த வாரத்தில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, கடைப் பணியாளர்கள் அனைவரையும் உட்கார வைத்து, ஒவ்வொருவர் பாஸ்புக்கையும் சம்பளப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம். இருபது ஆண்டு மூட்டை தூக்கிய தோளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதைகளில் காசு செலவில்லாதது இது.