இடம் வலம் மாறிய பெயர்ப்பலகை

பிள்ளைகள் கணினியில் வரைந்ததை லேசர் இயந்திரத்தில் வெட்டக் கொடுத்தால், சில வேளை எழுத்து தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பது போலவோ வந்துவிடுகிறது. ஏன் என்று இம்மாதம் பார்ப்போம்.

நான் கணக்காளன், பொறியியலாளன் அல்ல. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு எங்கள் ஊர் வீட்டின் பெயர்ப்பலகையும் போய்விட்டது. அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அதே பெயரை மரத்தில் பொறித்துக் கொடுக்க விரும்பி, பழைய படமொன்றைப் பார்த்து மகள் வரைந்தாள். ஒரு பட்டறையில் கொடுத்தோம். பலகை வந்தபோது எழுத்தெல்லாம் இடம் வலம் மாறியிருந்தது. இயந்திரத்தை இயக்கியவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலமென்றால் கண்டவுடன் நிறுத்தியிருப்பார். தமிழுக்கு நாங்கள்தான் காவல்.

காரணம் இதுதான். எஸ்.வி.ஜி. கோப்பில் பூச்சியப் புள்ளி இடது மேல் மூலையில் இருக்கிறது. கீழே போகப் போக எண் கூடும். 1982இல் ஓட்டோகாட்டுடன் வந்த டி.எக்ஸ்.எவ். கோப்பிலோ, பள்ளியில் கீறிய வரைபு போல, மேலே போகப் போக எண் கூடும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது மென்பொருள் இதைக் கவனிக்காவிட்டால் படம் கவிழ்ந்துவிடும். வரவையும் செலவையும் பக்கம் மாற்றி எழுதியது போலத்தான்: தொகை சரி, பொருள் நேர்மாறு.

இயந்திரத்திலும் பிழை இருக்கலாம். லைட்பேர்ண் போன்ற மென்பொருளில் இயந்திரத்தின் பூச்சியம் எந்த மூலை என்று குறிக்க வேண்டும். பக்கத்து மூலையைக் குறித்தால் ஒரு திசை மட்டும் மாறி, எழுத்து கண்ணாடிப் பிம்பமாகும். எதிர் மூலையைக் குறித்தால் இரு திசையும் மாறி, படம் அரைவட்டம் சுழன்று தலைகீழாகும். சுழன்றதைத் திருப்பி வைத்தால் போதும். கண்ணாடிப் பிம்பத்தையோ எவ்வளவு சுழற்றினாலும் சரிவராது. கோப்பிலோ இயந்திர அமைப்பிலோதான் திருத்த வேண்டும். முற்றாக வெட்டி எடுத்த எழுத்தென்றால் மறுபக்கம் திருப்பிச் சமாளிக்கலாம். மரத்தில் பொறித்தது போனது போனதுதான்.

ஆகவே, கொடுக்குமுன் நான்கு காரியம் செய்யுங்கள்.

1. படத்தின் ஒரு மூலையில் சிறிய ‘க’ ஒன்று போடுங்கள். ‘ப’ உதவாது; இடம் வலம் மாறினாலும் அது ‘ப’வாகவே தெரியும். ‘க’ எப்படி மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

2. பக்கத்தில் 100 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றும் போடுங்கள். மட்டையில் வெட்டி அளந்து பாருங்கள். 93.75 வந்தால், அங்குலத்துக்கு 90 புள்ளி என எழுதிய கோப்பு 96 என வாசிக்கப்பட்டிருக்கிறது. இங்க்ஸ்கேப் 2017இல் வந்த 0.92 பதிப்பில்தான் 90இலிருந்து 96க்கு மாறியது. அளவு 25.4 மடங்கு வித்தியாசப்பட்டால் அங்குலமும் மில்லிமீற்றரும் குழம்பியிருக்கிறது.

3. எழுத்தைக் கோடுகளாக மாற்றிச் சேமியுங்கள். பாமினி எழுத்துரு பட்டறைக் கணினியில் இல்லாவிட்டால், உங்கள் தமிழ் அங்கே அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும்.

4. சரியாக இருக்க வேண்டிய தோற்றத்தைக் கடதாசியில் அச்சடித்துக் கொண்டு போங்கள். பட்டறைத் திரையில் தெரிவதையும் முதலில் வெட்டிய மட்டையையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மரத்தை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் திரையில் சரியாகத் தெரிந்தது போதாது.

இரண்டாவது பலகையை இப்படித்தான் செய்தோம். பிறந்தநாள் கடந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. அம்மா கண்ணாடி போடாமலே, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவி வீட்டின் பெயரை வாசித்தார். முதற்பலகையை மகள் எறிய விடவில்லை. அது அவளது மேசையில் கிடக்கிறது, பாடமாக.

அடுத்த மாதம் சந்திப்போம்.