இருமலை அடக்கினால் நோய் அடங்குமா?

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நகரத்து மருத்துவரைக் காண்பதென்றால், அன்றைய வேலையை விட்டுத்தான் ஆகவேண்டும். எனவே, இருமல் விடாதபோது ஒரு புட்டி மருந்தை வாங்கிக் குடித்து உறங்கிவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அப்புட்டிக்குள் இருப்பது யாது?

சில இருமல் மருந்துகளில் கோடீன் கலந்துள்ளது. இது அபினியில் உள்ள ஒரு பொருள். 1832-இல் பிரெஞ்சு வேதியியலார் ரொபிக்கே இதனைப் பிரித்தெடுத்தார். உடலினுள் இதன் ஒரு பகுதி மார்பினாக மாறி, மூளையில் இருமலைத் தூண்டும் பகுதியை மந்தப்படுத்துகிறது. இருமல் தணியும், இருமலின் காரணம் தணியாது. சளியை வெளியேற்றும் இருமலை அடக்கினால் அது நெஞ்சிலேயே தங்கிவிடும்.

மயக்கமும் மலச்சிக்கலும் இதனால் விளையும். அளவு மிஞ்சினால் மூச்சே தளரும். நாள்பட அருந்தினால் அடிமைப்படுத்தும். சிலரது உடல் கோடீனை மிக விரைவாக மார்பினாக்குவதால், சிறு குழந்தைகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது ஆகாது. கோடீனும் குளோர்பெனிரமினும் சேர்ந்த பாகு உட்பட 14 கூட்டு மருந்துகளுக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை விதித்தது.

இம்மருந்துகள் முற்றும் தீயவை என்பதன்று. நுரையீரல் புற்றுநோயாளர் இருமித் துவளும்போதும், எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் காரணம் புலப்படாத கொடிய இருமலிலும், மருத்துவர் சிற்றளவு மார்பினை எழுதுவதுண்டு. அது கண்காணிப்புடன் செய்யும் கருணைச் செயல். அவ்வாறு நெடுநாள் அருந்துவோர் தாமாகத் திடீரென நிறுத்துதலும் கூடாது.

ஆகவே முதற்கண் காரணத்தைத் தேடுவோம். விறகடுப்பின் புகை, பீடி, ஆஸ்துமா, எதுக்களிக்கும் அமிலம், இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் எனலாப்ரில் போன்ற மாத்திரை ஆகிய யாவும் இருமலைத் தரும். இவற்றினும் அஞ்சத்தக்கது காசநோய். இரண்டு வாரம் இருமல் நீடித்தால் அரசு சுகாதார நிலையத்தில் சளியைச் சோதிக்க வேண்டும். சோதனையும் மருந்தும் இலவசம். வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு காசநோயைக் குணமாக்கலாம் என்பதை 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வே அன்றோ!

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குப் புகட்டாதீர்கள். இரவில் இருமுபவர் அமைதியாக உறங்கிவிட்டார் என்று மகிழ்வதோடு நில்லாமல், அவர் ஏன் இருமினார் என்றும் வினவுங்கள். அவ்வினா ஓர் உயிரைக் காக்கக்கூடும்.