உங்களுக்குத் தெரியுமா? ஒற்றைக்காலில் பத்து விநாடி

● பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அடுத்த 7 ஆண்டுகளில் அவர்களுக்கு இறப்பு அபாயம் 84 சதவீதம் கூடுதல். வயதையும் நோய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இதுதான் நிலை. 2022இல் வெளியான ஆய்வு இது.

● மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கும் தவசியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அதே பாறையில் ஒரு பூனையையும் அதேபோல் கை தூக்கி நிற்க வைத்திருக்கிறார். அடுத்த முறை போகும்போது தேடிப் பாருங்கள்.

● கயிற்றின் மேல் ஆடும் கூத்தருக்கு அடிக்கும் பறை, குறுந்தொகையின் 7ஆம் பாடலிலேயே வருகிறது. நம் கழைக்கூத்தாடி கையில் பிடிக்கும் நீளக் கோல் அழகுக்கு அல்ல. உடல் சாயும் வேகத்தை அது குறைப்பதால், நிமிர்ந்துகொள்ள நேரம் கிடைக்கிறது.

● 'ஸ்லாக்லைன்' என்பது இரண்டு மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் கட்டும் பட்டை நாடா. அகலம் 2.5 அல்லது 5 சென்டிமீட்டர். கோல் கிடையாது, காலடியில் நாடா தொய்ந்து ஆடும். 1970களின் கடைசியில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் மலையேறுபவர்கள் ஆரம்பித்த விளையாட்டு. முதியோருக்கும் நல்லது என்று இப்போது பேசப்படுகிறது. ஆனால் 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாடாவில் கிடைக்கும் தேர்ச்சி பெரும்பாலும் நாடாவோடு நின்றுவிடுவது தெரிந்தது. எழுபது வயதில் அதற்காக மரம் தேட வேண்டாம் என்பதே என் கருத்து.

● அதைவிட நல்லது நம் ஊர் எட்டு நடை! தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் மொட்டை மாடியில் சாக்பீஸால் எட்டுப் போட்டு நடப்பவர்கள் உண்டு. முதியவர்கள் திரும்பும்போது தடுமாறுவது உண்டு. எட்டில் இடமும் வலமும் மாறி மாறித் திரும்பியே ஆகவேண்டும். மெதுவாக நடந்தால் போதும்.

● கண், உள்காது, பாதம் மூன்றும் சேர்ந்துதான் நம்மை நிமிர்த்தி வைக்கின்றன. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் குதிகால் மறு காலின் கட்டைவிரலைத் தொடும்படி வைத்து நில்லுங்கள். கணுக்கால் இரண்டு பக்கமும் துடித்துத் துடித்துச் சரிசெய்வது தெரியும். பழகியபின் இரண்டு விரல் மட்டும் மேடையில் இருக்கட்டும். கண்ணை மூடும் பயிற்சி வேண்டுமானால், பக்கத்தில் ஆள் இல்லாமல் கூடாது.

● இப்படிப்பட்ட உடற்பயிற்சிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் விழுவதைச் சுமார் 23 சதவீதம் குறைக்கின்றன. 108 ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019 அறிக்கையின் கணக்கு இது.

● இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்துக்கு முன்னோடி சென்னைதான். 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் அதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலிலேயே கிண்டிக்குப் போய்விடலாம்.

● ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரண்டு மடங்கு. பிள்ளைகள் பயப்படுவார்களே என்று பாத்ரூமில் வழுக்கியதை மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். சில மாத்திரைகளாலும் தடுமாற்றம் வரலாம் என்பதால், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையோடு எடுத்துப் போங்கள்.