புலிக்கு வேண்டிய வெற்றுப்புள்ளி

தொண்டை நாட்டுச் சிற்றூர்களிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் திண்ணையிலோ மண்டபத்துக் கல்தரையிலோ கட்டம் வரைந்து, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் காய்களாக வைத்து ஆடப்பட்டுவரும் ஆடுபுலி ஆட்டம், இரு தரப்பாருக்கும் ஒரே வகைப் படையைத் தருவதில்லை. பரவலாக வழங்கும் வடிவில் புள்ளிகள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகள் ஒவ்வொன்றாக இறக்கப்பட்டு, அனைத்தும் இறங்கிய பிறகே நகரத் தொடங்குகின்றன. புலியோ தொடக்கம் முதலே கோட்டின் வழியே நகரவும், அடுத்த புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்டி வெட்டவும் உரிமை பெற்றிருக்கிறது. ஆடுகளால் எதையும் வெட்ட முடியாது. புலிகளை அசைய இடமின்றி அடைத்துவிடுவதே அவற்றின் வெற்றி.

இவ்வளவு ஏற்றத்தாழ்வுக்குப் பிறகும் ஆட்டம் நியாயமாக நடைபெறுவதற்குக் காரணம், புலியின் பாய்ச்சலுக்கு விதிக்கப்பட்டுள்ள ஒரே ஒரு நிபந்தனை: தாண்டப்படும் ஆட்டுக்கு நேர்பின்னே, அதே கோட்டில், ஒரு புள்ளி காலியாக இருக்க வேண்டும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு ஆடுகளை அந்தக் கோட்டில் எந்தப் புலியாலும் தொட முடியாது. கோடு முடியும் ஓரப்புள்ளியில் நிற்கும் ஆட்டையும் அக்கோட்டின் வழியே வந்து வெட்ட இயலாது. 15 ஆடுகளும் இழப்பின்றி இறங்கிவிட்டால் 18 புள்ளிகள் நிரம்பி 5 மட்டுமே எஞ்சும் என்பதையும், வெட்டுண்ட ஒவ்வோர் ஆடும் புலிக்கு மேலும் ஒரு வெற்றுப்புள்ளியைத் திறந்துவிடுகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், முதல் ஆட்டைக் காப்பதில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஏன் அத்தனை கவனம் கொள்கிறார்கள் என்பது விளங்கும்.

ஏற்றத்தாழ்வான தரப்புகளைச் சமன்செய்யும் இதே சிக்கல் வேறோர் உருவில், பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் எழுகிறது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் பாத்திரமேற்று, பகடையின் துணையுடன் ஆடும் இவ்வகைக்கு 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' முன்னோடி. அதன் பிற்காலப் பதிப்புகளில் களம் 5 அடிச் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. மனிதன் ஒரு கட்டத்திலும், குதிரை அளவினது நான்கு கட்டத்திலும், யானை அளவினது ஒன்பது கட்டத்திலும் நிற்கும். நகராமலே தாக்கக்கூடிய தூரத்தை வீச்சு எனலாம். 5 அடி வீச்சுடைய மனிதன் தன்னைச் சுற்றி 8 கட்டங்களை அச்சுறுத்துகிறான். நான்கு கட்ட விலங்கு 10 அடி வீச்சுப் பெற்றால் 32 கட்டங்கள் அதன் பிடியில் விழுகின்றன. உடல் பெருத்து வீச்சும் இரு மடங்காகும்போது ஆளும் பரப்பு நான்கு மடங்காகிவிடுவதால்தான், அனுபவமற்ற கதைநடத்துநர் கொண்டுவரும் அரக்கன் வீரர்களை நெருங்கவே விடாமல் அடித்து முடித்துவிடுகிறான்.

உடலின் பெருமைக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு மனிதனைச் சூழ்ந்து 8 பேர் நிற்கலாம் என்றால் நான்கு கட்ட விலங்கைச் சூழ்ந்து 12 பேரும், ஒன்பது கட்ட விலங்கைச் சூழ்ந்து 16 பேரும் நிற்க முடியும். உண்மைப் போர்க்களத்திலும் இதைக் காணலாம்: 949-இல் தக்கோலப் போரில் இராஷ்டிரகூடப் படையை எதிர்த்து நின்ற சோழ இளவரசன் இராசாதித்தன், யானை மீதிருந்தபடியே அம்புபட்டு இறந்து, 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பெயர் பெற்றான். உயரம் அளித்த பார்வையே அவனைத் தொலைவிலிருந்தும் தெரியும் இலக்காகவும் ஆக்கியது. வில்லுக்கும் உயரத்துக்கும் இடையிலான இந்த உறவு களத்தில் இருக்கும்வரை பெரிய விலங்கு வெல்ல முடியாததாகாது.

ஆகவே விலங்கின் உயிர்ப்புள்ளிகளையோ தாக்கும் வலிமையையோ வெறுமனே குறைப்பது சமநிலைக்கான தவறான வழி. அது புலியைப் பூனையாக்கும், ஆட்டத்தைச் செம்மையாக்காது. 2000-இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்றாம் பதிப்பு, நீண்ட ஈட்டி ஏந்தியவன் 10 அடி தூரத்தில் நிற்பவனைக் குத்தலாம், ஒட்டி நிற்பவனைக் குத்த முடியாது என்று விதித்தது. புலிக்கு வெற்றுப்புள்ளி போல, ஈட்டிக்கும் இடைவெளி தேவையாயிற்று. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தத் தடையை நீக்கியது ஆட்டத்தை எளிதாக்கினாலும், உள்ளே நுழைந்து நெருங்கிப் போரிடும் துணிவுக்கு இருந்த பரிசைப் பறித்துவிட்டது. எனினும், தன் வீச்சைவிட்டு விலகுபவரைத் தன் முறைக்கு வெளியிலும் அடிக்கும் வாய்ப்புத் தாக்கு ஒரு சுற்றில் ஒரு முறைக்கு மேல் கிடைக்காது என்று அப்பதிப்பு வரையறுத்திருப்பதால், பலர் ஒரே சுற்றில் விலகும்போது ஒருவரே அடிபட நேர்கிறது. இதனுடன் குறுகிய வாயில், தூண்வரிசை, தாழ்ந்த கூரை ஆகியவற்றைக் களத்தில் வைக்கும் கதைநடத்துநர், எண்களைத் தொடாமலே பெருவிலங்கின் பரப்பைச் சுருக்கிவிடலாம்.

எந்த விதியும் முதல் முயற்சியில் முழுமை பெறுவதில்லை. இராசாதித்தனின் தந்தை முதலாம் பராந்தகனின் காலத்தில், உத்திரமேரூர் மகாசபை 919-இல் வகுத்த குடவோலைத் தேர்தல் விதிகளை 921-இல் திருத்தி விரிவாக்கியதை அவ்வூர்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆட்ட விதிகளும் அவ்வாறே ஆடி, குறை கண்டு, மாற்றப்பட வேண்டியவை. ஏற்றத்தாழ்வான படைகளுக்கிடையிலும் சமநிலை கூடும்: நேபாளத்தில் 4 புலிகளும் 20 ஆடுகளுமாக ஆடப்படும் பாக்சாலைக் கணினியால் ஆராய்ந்தவர்கள், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அது வெற்றி தோல்வியின்றி முடியும் என்று நிறுவியுள்ளனர்.