தெள்ளுப்பூச்சி வாத்தியம்

நாலே தந்தி! அதற்குள் மோகன ராகம்!

பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். நீளம் ஒன்றே முக்கால் அடி. தந்திகள் நாலே நாலு. மார்போடு அணைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். இதன் பெயர் உகுலேலே.

ஹவாய்த் தீவு மொழியில் "உகு" என்றால் தெள்ளுப்பூச்சி. "லேலே" என்றால் குதிப்பது. வாசிப்பவரின் விரல்கள் தந்தி மேல் தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளியதால் இந்தப் பெயர் வந்ததாம். ஹவாயின் கடைசி ராணி லில்லியுகலானி "இங்கே வந்து சேர்ந்த பரிசு" என்று வேறு பொருள் சொன்னார். ராணி சொன்னதுதான் அழகு. ஆனால் ஊரில் நிலைத்தது பூச்சிக் கதைதான்!

கூலிக் கப்பலில் வந்த பாட்டு

நீலகிரித் தோட்டக்காரர்களுக்கு இதன் பிறப்புக் கதை புதிதாக இருக்காது. கங்காணி அழைத்து வர, சமவெளியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு மலையேறிய குடும்பங்களின் கதை போன்றதுதான் அதுவும்.

1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி, "ரேவன்ஸ்கிராக்" என்ற கப்பல் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. போர்த்துகீசியருக்குச் சொந்தமான மடீரா தீவிலிருந்து, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 400-க்கு மேற்பட்டவர்கள் அதில் வந்தார்கள். நாலு மாதக் கடல் பயணம்! அவர்கள் கொண்டுவந்தது நாலு தந்தி உள்ள "மசேட்டே" என்ற சின்ன வாத்தியம். அதே கப்பலில் வந்த மூன்று தச்சர்கள் மனுவேல் நூனஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. பிற்பாடு இவர்கள் கடை வைத்து, ஹவாய் மரமான கோவாவில் அந்த வாத்தியத்தைச் செய்து விற்றார்கள். அதுதான் உகுலேலே.

அரசர் கலாகௌவா அதை அரண்மனைக்குள் அழைத்தார். அவருடைய தங்கைதான் லில்லியுகலானி. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். 1893-ல் அவருடைய ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1895-ல் அரண்மனையிலேயே சிறை வைத்தார்கள். முதலில் வாத்தியம் எதுவும் இல்லை. வாயால் பாடிப் பார்த்தே ஸ்வரங்களைக் காகிதத்தில் எழுதினார். நாடு போய்விட்டது, மெட்டு போகவில்லை.

மீட்டினால் மோகனம்

உகுலேலேயில் சொந்தமாக மெட்டுப் போட விரும்புகிறவர்கள் முதலில் அதன் தந்திகளைக் கேட்க வேண்டும். வழக்கமான சுருதியில், மூன்றாவது தந்தியை ஸட்ஜமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் காந்தாரம், பஞ்சமம், தைவதமாக அமைந்துவிடுகின்றன! விரலே வைக்காமல் ஸ, க, ப, த. மோகன ராகத்துக்கு இன்னும் வேண்டியது ரிஷபம் ஒன்றுதான். மூன்றாவது தந்தியில் இரண்டாவது கட்டையை அழுத்தினால் அதுவும் வந்துவிடுகிறது.

இதே ஐந்து ஸ்வரங்களைச் சீனாக்காரரும் பாடுகிறார், ஸ்காட்லாந்துக்காரரும் பாடுகிறார். ஒரே மெட்டை மூன்று மூன்றாகத் தட்டினால் வெள்ளைக்காரர் ஆடும் வால்ட்ஸ் நடனம். நாலு நாலாகத் தட்டினால் பட்டாளத்து அணிவகுப்பு. ஸ்வரத்தைச் சற்றே அசைத்து இழுத்தால் கச்சேரி வாடை அடிக்கும்.

சற்றேதான். தந்தி குட்டை, நாதம் உடனே அடங்கிவிடும். வீணை போல நீண்ட கமகம் இதில் எடுபடாது. அதனால் மெட்டுப் போடுகிறவர் சின்னச் சின்ன ஸ்வரங்களாகக் கோத்து இடைவெளியை நிரப்ப வேண்டும். மேல் தந்தி தாழ்ந்து ஒலிக்காமல் உயர்ந்து ஒலிப்பதால், தந்தி மாற்றி மாற்றி மீட்டினால் மணி அடிப்பது போலக் கேட்கும். ஹவாய்க் கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ ராக், ஜாஸ், ஸ்பானியப் பாணிகளை எல்லாம் இந்த நாலு தந்தியில் கொண்டுவந்தார். 2006-ல் அவர் ஒரு பூங்காவில் அமர்ந்து வாசித்த படம் உலகம் முழுவதும் சுற்றியது.

மலையிலேயே மரம்

கோவா என்பது வேல மர இனத்தைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய சொந்தம் ஆஸ்திரேலியாவின் பிளாக்வுட். அந்த நாட்டார் அதில் கிட்டாரும் உகுலேலேயும் செய்கிறார்கள். அதே பிளாக்வுட்டை 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள்.

வந்த விருந்தாளி வீட்டைப் பிடித்துக்கொண்ட கதையாகிவிட்டது. சீகை மரமும் பிளாக்வுட்டும் பரவி, புல்வெளியையும் சோலையையும் விழுங்குகின்றன. தண்ணீரைத் தேக்கி ஓடையாக விடும் புல்வெளி போனால் அணைகளுக்கு நீர் ஏது? அதனால் அந்நிய மரங்களை அகற்றும் வேலை நடக்கிறது.

வெட்டிய மரம் பெரும்பாலும் விறகாகவும் காகிதக் கூழாகவும் போகிறது. நன்றாக உலர்த்திய பிளாக்வுட் பலகை ஒன்று தச்சரிடம் போனால் என்ன? ஒரு உகுலேலேக்கு வேண்டிய மரம் கையளவுதான். ஊட்டி ஈரத்தில் பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும் என்பதை மட்டும் தச்சர் மறக்கக் கூடாது. பலகை பல மாதம் நிழலில் காய வேண்டும்.